தள்ளுவது ஸ்பிரிங், தாங்குவது ஆயில்: டைமிங் செயின் டென்ஷனர் பற்றி எளிய விளக்கம்

என் அக்கா மகன் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறான். லீவு விட்டால் தக்கலையில் என் பட்டறைக்கு வந்துவிடுவான். போன மாதம் ஒரு ஸ்பிளெண்டர் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தோம். அதிலிருந்து வந்த டென்ஷனரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "செயினை இறுக்கிப் பிடிக்கதுதானே மாமா அதுக்க வேல?" என்று கேட்டான்.

பாதி சரி. மீதிப் பாதிதான் முக்கியம். அதைச் சொல்லி முடிக்க அன்றைக்கு மதியம் ஆகிவிட்டது. இதை எழுதியே வைத்துவிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது. அந்த மீதிப் பாதி புரியாமல்தான் பலர் நல்ல இன்ஜினைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் 11 ஆண்டுகள் ஷார்ஜாவில், பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு வேலை பார்க்கும் ஒரு பட்டறையில் இருந்தேன். அங்கே என் கைக்கு அதிகம் வந்தது, காற்றால் குளிரும் பழைய போர்ஷே 911. உள்ளங்கையில் அடங்கும் இந்தச் சின்னப் பொருளின் அருமையை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் கார்தான். அதனால் விளக்கமும் அதை வைத்தே.

செயின் எதற்கு?

இன்ஜினுக்குள் இரண்டு வேலைகள் ஒரே தாளத்தில் நடக்க வேண்டும். கீழே பிஸ்டனோடு இணைந்த தண்டான கிராங்க் சுற்றுகிறது, பிஸ்டன் ஏறி இறங்குகிறது. மேலே கேம் ஷாஃப்ட் சுற்றுகிறது, அதிலுள்ள மேடுகள் வால்வைத் தள்ளித் திறக்கின்றன. மேடு விலகியதும் வால்வு ஸ்பிரிங் வால்வை மூடிவிடுகிறது. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. இந்தக் கணக்கு பிசகாமல் இரண்டையும் கட்டி வைத்திருப்பது டைமிங் செயின்.

மாருதி 800 போன்ற சில வண்டிகளில் செயினுக்குப் பதில் பெல்ட் இருக்கும். பழைய புல்லட்டில் செயினும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. அதில் கேம் கீழேயே, கிராங்குக்குப் பக்கத்திலேயே இருப்பதால் பல்சக்கரத்தோடு பல்சக்கரம் சேர்ந்து ஓடும். மேலே இருக்கும் வால்வைத் தள்ளுவதற்குப் புஷ் ராடு. கேமை மேலே, சிலிண்டரின் தலையான ஹெட்டில் கொண்டுபோய் வைத்த இன்ஜினுக்குத்தான் நீளமான செயின் தேவைப்படும். செயின் நீளமானால் தொய்வும் கூடவே வரும்.

தாளம் பிசகினால் என்ன ஆகும்? இன்ஜின் 6000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 6000 சுற்றில், ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. 911 இன்ஜினில் வால்வு இறங்கி நிற்கும் அதே இடத்துக்குத்தான் அடுத்த கணம் பிஸ்டன் ஏறி வருகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு விலகிக்கொள்கின்றன, அவ்வளவுதான். கேம் சக்கரத்தில் 28 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். செயின் ஒரு பல் தாவினாலே கேம் ஏறக்குறைய 13 டிகிரி பிசகும். கிராங்க் கணக்கில் அது 26 டிகிரி. ஒரு பல்லுக்கு இன்ஜின் முக்கி முனகி ஓடலாம். இன்னும் சில பல் தாவினால் பிஸ்டன் போய் வால்வில் முட்டும். வால்வு வளையும், பிஸ்டன் தலையில் குழி விழும். இன்ஜினை முழுக்க இறக்கிப் பிரிப்பதைத் தவிர வேறு வழியே இல்லை.

தொய்வு எந்தப் பக்கம்?

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி பெடலைக் கையால் சுற்றிப் பாருங்கள். பெடல் சக்கரம் எந்தப் பக்கம் செயினை இழுக்கிறதோ அந்தப் பக்கம் விறைத்து நிற்கும். மறுபக்கம் தொய்வாக ஆடும். தொய்வு எப்போதும் திரும்பி வரும் பக்கத்தில்தான். கியர் சைக்கிளில் பின்சக்கரத்துக்குக் கீழே இரண்டு குட்டிச் சக்கரங்களோடு ஒரு கை தொங்குமே, அது தொய்வுப் பக்கத்துச் செயினை ஸ்பிரிங்கால் இழுத்துப் பிடித்திருக்கிறது. அதுவும் ஒரு டென்ஷனர்தான். நம்மில் பலர் சின்ன வயதிலேயே பார்த்த முதல் டென்ஷனர் அது.

"சரி, அப்போ இன்ஜினுக்குள்ளயும் ஒரு ஸ்பிரிங் போட்டா தீந்துதே?" இதுதான் என் மருமகனின் அடுத்த கேள்வி. நல்ல கேள்வி. இங்கேதான் விஷயமே இருக்கிறது.

நாகர்கோவில் மணிமேடையை நினைத்துக்கொள்ளுங்கள். 1893-ல் எழுந்த அந்தக் கோபுரத்தின் கடிகாரம் தொங்கும் எடையின் இழுப்பில் ஓடும்படி செய்யப்பட்டது. அங்கே இழுப்பு ஒரே திசையில், ஒரே அளவில், மெதுவாக வருகிறது. சங்கிலி துள்ளுவதற்குக் காரணமே இல்லை. இன்ஜினில் அப்படியில்லை. கேமின் மேடு வால்வைத் திறக்கும்போது வால்வு ஸ்பிரிங் எதிர்த்து நிற்கிறது. செயின் கேமை வலிந்து இழுக்க வேண்டியிருக்கிறது. மேட்டின் உச்சி தாண்டியதும் கதை அப்படியே மாறுகிறது. இதுவரை எதிர்த்த அதே ஸ்பிரிங் இப்போது கேமை முன்னால் தள்ளிவிடுகிறது. கேம் செயினை முந்தப் பார்க்கிறது. அந்தக் கணத்தில் விறைப்பாக இருந்த பக்கம் தளர்ந்து, தொய்வாக இருந்த பக்கம் சுண்டி இழுக்கப்படுகிறது. அந்தச் சுண்டல் நேராக டென்ஷனரின் தலையில் அடிக்கிறது.

911-இன் ஒரு பக்கத்துக் கேமில் 6 மேடுகள். 6000 ஆர்பிஎம்மில் கேம் நொடிக்கு 50 சுற்று. ஆக, நொடிக்கு 300 முறை ஏதோவொரு வால்வு ஸ்பிரிங் அமுங்கி விரிகிறது. இத்தனை அடியையும் வெறும் ஸ்பிரிங் வாங்கினால் அதுவே செயினோடு சேர்ந்து துள்ள ஆரம்பித்துவிடும். துள்ளாமல் இருக்கட்டும் என்று ரொம்பக் கடினமான ஸ்பிரிங்கைப் போட்டால் செயின் எப்போதும் இறுகியே கிடந்து, அது உரசிப் போகும் பிளாஸ்டிக் கைடுகளைச் சீக்கிரம் தின்றுவிடும்.

ஃபுட் வால்வு தெரியுமா?

நம் ஊரில் கிணறும் மோட்டாரும் உள்ள வீட்டில் ஃபுட் வால்வைத் தெரியாதவர் இருக்க மாட்டார். குழாயின் அடியில், தண்ணீருக்குள் கிடக்கும் அது தண்ணீரை மேலே போக விடும், திரும்பி இறங்க விடாது. அது கெட்டுப்போனால் இரவோடு இரவாகக் குழாயில் நின்ற தண்ணீர் முழுவதும் கிணற்றுக்கே இறங்கிவிடும். காலையில் மோட்டார் போட்டால் சத்தம்தான் வரும், தண்ணீர் வராது. ஒரு செம்பு தண்ணீர் மேலே ஊற்றிக் காற்றை வெளியேற்றிய பிறகுதான் பிடிக்கும்.

டென்ஷனருக்குள்ளும் இதே ஏற்பாடு. ஒரு சின்ன சிலிண்டர், அதற்குள் ஒரு பிஸ்டன், பின்னால் ஸ்பிரிங். பிஸ்டனுக்குப் பின்னால் ஆயில் நிற்கும் ஓர் அறை. அந்த அறையின் வாயிலில் ஒருவழி வால்வு. செயினில் தொய்வு வந்தால் ஸ்பிரிங் பிஸ்டனை வெளியே தள்ளுகிறது. அந்த இடைவெளியை நிரப்ப ஒருவழி வால்வு வழியாக ஆயில் உள்ளே வருகிறது. செயின் சுண்டி அடித்து பிஸ்டனைப் பின்னால் தள்ளப் பார்த்தால் வால்வு மூடிக்கொள்கிறது. உள்ளே அகப்பட்ட ஆயில் அமுங்காது. இண்டு இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால்தான் பிஸ்டன் பின்வாங்க முடியும். வெளியே போவது சுலபம், உள்ளே வருவது மெதுவாக.

டென்ஷனரை இதற்கு மேல் சுருக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. செயினைத் தள்ளுவது ஸ்பிரிங். திரும்பி வரும் அடியைத் தாங்குவது ஆயில். ஆயில் போய்விட்டால் ஸ்பிரிங் இருந்தும் பயனில்லை.

"மெதுவாகக்கூட ஏன் பின்வாங்க வேண்டும், அப்படியே பூட்டிவிடலாமே" என்று கேட்கலாம். காரணம் சூடு. செயின் இரும்பு, 911-இன் சிலிண்டர், ஹெட் எல்லாம் பெரும்பாலும் அலுமினியம். 100 டிகிரி சூடு ஏறினால் ஒரு மீட்டர் இரும்பு சுமார் 1.2 மில்லிமீட்டர் நீளும், ஒரு மீட்டர் அலுமினியம் சுமார் 2.3 மில்லிமீட்டர். செயின் ஓடும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே 300 மில்லிமீட்டர் தூரம் என்று கணக்குக்கு எடுத்துக்கொண்டால், அந்தத் தூரம் 0.7 மில்லிமீட்டர் கூடும்போது செயின் அதே தூரத்துக்கு 0.36 மில்லிமீட்டர்தான் நீளும். செயின் போய்வருவது இரண்டு வழி; ஆகவே வித்தியாசம் இரட்டிப்பு. சூடான இன்ஜினில் செயின் இறுகும், ஆறிய இன்ஜினில் தளரும். தண்ணீர் இல்லாமல் காற்றாலும் ஆயிலாலும் குளிரும் இன்ஜினில் இந்த ஏற்ற இறக்கம் சாதாரணமல்ல. டென்ஷனர் இதற்கெல்லாம் ஈடுகொடுத்து முன்னும் பின்னும் நகர்ந்தே ஆக வேண்டும்.

இன்னொன்று. பட்டறையில் "செயின் நீண்டுபோச்சு" என்று சொல்வோம். உண்மையில் இரும்புத் தகடு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள பின்னும் புஷ்ஷும் தேய்கின்றன. ஒரு கண்ணிக்கு 0.02 மில்லிமீட்டர் தேய்ந்தாலும் 100 கண்ணியில் 2 மில்லிமீட்டர். அழுக்கு ஆயிலில் ஓடும் இன்ஜினில் இந்தத் தேய்மானம் சீக்கிரம் வரும். டென்ஷனர் இந்தத் தொய்வையும் சேர்த்தே எடுத்தாக வேண்டும்.

911-இல் என்ன சிக்கல்?

1963-ல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரோடு வந்த கார், நடுவில் பூஜ்யம் வரும் எண்ணுக்கு பிரெஞ்சு கார் கம்பெனியான பெஜோ உரிமை கொண்டாடியதால் 911 ஆனது. பின்னால் ஆறு சிலிண்டர் படுக்கை இன்ஜின்: இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று, பக்கத்துக்கு ஒரு கேம். கிராங்கோடு பல்சக்கரத்தில் இணைந்த ஓர் இடைத்தண்டிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக இரட்டைப்பட்டைச் செயின் போகிறது. ஆகவே டென்ஷனரும் இரண்டு. இரண்டு பக்கமும் சுழலும் திசை ஒன்றே என்பதால் ஒரு பக்கத்தில் தொய்வு மேலே, மறுபக்கத்தில் கீழே. இடதுக்கான டென்ஷனர் வலதுக்கு ஆகாது.

டென்ஷனர் நேராகச் செயினைத் தொடுவதில்லை. நடுவில் ஒரு கை இருக்கிறது, ஐட்லர் ஆர்ம் என்போம். அதன் நுனியில் ஒரு பல்சக்கரம். டென்ஷனர் கையைத் தள்ள, கை சக்கரத்தைத் தள்ள, சக்கரம் செயினைத் தள்ளும்.

1983 வரை வந்த 911-களில் டென்ஷனருக்கு இன்ஜினின் ஆயில் அழுத்தத்தோடு தொடர்பே இல்லை. தனக்குள் வைத்திருக்கும் கொஞ்சம் ஆயிலை நம்பியே அது வேலை செய்ய வேண்டும். சீல் புதிதாக இருக்கும் வரை பிரமாதமாக ஓடும். சீல் தேய்ந்து ஆயில் வெளியேறினால் திரும்ப நிரப்ப ஆளில்லை. ஃபுட் வால்வு கெட்ட கிணற்றுக் குழாய் மாதிரிதான். இன்ஜினை நிறுத்தும்போது ஏதாவது ஒரு வால்வு பாதி திறந்த நிலையில் நின்றுவிடும். அதன் ஸ்பிரிங் இரவு முழுக்கச் செயினை இழுத்துக்கொண்டே கிடக்கும். பலவீனமான டென்ஷனர் விடியும்போது அமுங்கிப் போயிருக்கும். காலையில் சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து, பால் டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம் கேட்கும். நான்கைந்து நொடியில் அடங்கிவிடும். அடங்கிவிட்டதே என்று உரிமையாளர் நிம்மதியாகக் கிளம்பிவிடுவார். அந்த நிம்மதிதான் ஆபத்து.

ஷார்ஜாவில் நான் முதன்முதலில் கழற்றிய கெட்ட டென்ஷனர் இப்போதும் கண்ணில் நிற்கிறது. 1980-இல் வந்த, எஸ்சி என்ற மாடல் 911 அது. மூடியைத் திறந்ததும் எங்கள் மூத்த மெக்கானிக் என்னைக் கூப்பிட்டு, "பெருவிரலால் அமுக்கு" என்றார். வலப்பக்கத்து ஆர்மைப் பலம் கொண்டு அமுக்கினேன். சுவரை அமுக்குவது போல, மெல்ல, மிக மெல்ல நகர்ந்தது. இடப்பக்கம் அமுக்கினேன். ஸ்பாஞ்சை அமுக்குவது போல விரலோடு உள்ளே போய், விட்டதும் துள்ளி வந்தது. உள்ளே ஸ்பிரிங் மட்டுமே மிச்சம். டென்ஷனரைக் கழற்றித் துடைத்தபோது அதன் உடம்பெல்லாம் கசிந்த ஆயில் காய்ந்து தேன் நிறத்தில் படிந்திருந்தது. பாடம் என்னவோ அந்த ஒரு நொடியில் விரல் வழியாக ஏறிவிட்டது.

டென்ஷனர் மட்டும் குற்றவாளி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். 1980-க்கு முந்தைய ஐட்லர் ஆர்ம்களுக்கு அவை சுழலும் அச்சில் சிக்கிக்கொள்ளும் பழக்கம் உண்டு. ஆர்ம் சிக்கினால் டென்ஷனரால் அதை நகர்த்த முடியாது. அடி மட்டும் விழுந்துகொண்டே இருக்கும். பின்னால் வெண்கலப் புஷ் வைத்த, அடி அகலமான ஆர்ம் வந்து இது தீர்ந்தது. ஆர்மைப் பார்க்காமல் டென்ஷனரை மட்டும் மாற்றினால் வேலை அரைகுறைதான்.

என்னென்ன வழி?

மலிவான வழி, ஒரு காலர். டென்ஷனரின் வெளியே நீண்டிருக்கும் பிஸ்டனில் மாட்டும் வளையம் அது. ஆயில் போய் டென்ஷனர் அமுங்கினாலும் பிஸ்டனை ஓர் அளவுக்கு மேல் உள்ளே போக விடாது. செயின் சத்தம் போடும், ஆனால் பல் தாவாது. உயிர் காக்கும் ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் நோய் அப்படியே இருக்கிறது. காலருக்கும் டென்ஷனருக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியை விட்டே ஆக வேண்டும். வேறெங்கோ காலர் போட்டுவிட்டு எங்களிடம் வந்த ஒரு காரில், சத்தமே வரக்கூடாது என்று இடைவெளி இல்லாமல் இறுக்கி வைத்திருந்தார்கள். ஆறியிருக்கும்போது அழகாக ஓடியது. சூடு ஏறியதும் செயின் வீணைக் கம்பி மாதிரி விறைத்து, ஊளையிட ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தால் கைடுகளில் பள்ளம் விழுந்திருந்தது. மேலே சொன்ன சூட்டுக் கணக்கை மறந்ததால் வந்த வினை.

இன்னொரு வழி, ஆயிலே இல்லாத திருகு டென்ஷனர். கையால் திருகி அளவு வைத்துப் பூட்டிவிட வேண்டும். பந்தயக் காருக்குச் சரி, ஏனென்றால் அந்த இன்ஜினை அடிக்கடி திறக்கிறார்கள். தினமும் ஓட்டும் காருக்கு நான் போட மாட்டேன்.

உண்மையான தீர்வை 1984 மாடலில், காரேரா என்ற 911-இன் 3.2 லிட்டர் இன்ஜினோடு போர்ஷேயே கொண்டுவந்தது. டென்ஷனரைத் தனக்குள் இருக்கும் ஆயிலை நம்பி விடாமல், இன்ஜினின் ஆயில் பம்போடு இணைத்துவிட்டார்கள். கேமுக்குப் போகும் ஆயில் குழாயிலிருந்து ஒரு கிளை பிரிந்து டென்ஷனருக்கு வருகிறது. கொஞ்சம் கசிந்தாலும் கவலையில்லை. இன்ஜின் ஓடும் வரை புது ஆயில் வந்துகொண்டே இருக்கும். கிணற்றுக் கணக்கில் சொன்னால், குழாயின் தலைமாட்டில் எப்போதும் நிறைந்திருக்கும் ஒரு தொட்டியை வைத்தது போல.

பழைய 911-க்கு டென்ஷனர் அப்கிரேடு என்று சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்: இந்தக் காரேரா டென்ஷனரைப் பழைய இன்ஜினில் மாட்டுவது. இரண்டு டென்ஷனர், ஆயில் குழாய் நுழைய வழியுள்ள இரண்டு புதிய செயின் மூடி, கிளையோடு கூடிய புதிய ஆயில் குழாய்கள், கேஸ்கட்டுகள். எந்த ஆண்டு வண்டி என்பதைப் பொறுத்து ஆர்மும், அதற்கேற்ற ஸ்பேசரும். செலவு காலரை விடப் பல மடங்கு. ஆனால் ஒரு முறை வால்வு வளைந்தால் ஆகும் செலவைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இன்ஜினை வைத்துக்கொள்ள ஆசை இருந்தால் இதைச் செய்துவிடுங்கள்.

இதிலும் ஒரு வரம்பு உண்டு. ஸ்டார்ட் செய்த முதல் சில நொடி பம்பின் அழுத்தம் ஏறியிருக்காது. அந்த நேரத்தில் தாங்குவது உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் ஒருவழி வால்வும்தான். ஆகவே ஆயில் தரமும் மாற்றும் காலமும் முன்பைவிட முக்கியம் ஆகின்றன. பம்பு பலவீனமான இன்ஜினில் காரேரா டென்ஷனரும் ஓரளவுக்குத்தான் காப்பாற்றும். புதிதாகப் போட்ட குழாய் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்றும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

வேலை எப்படி நடக்கும்?

இன்ஜினைக் கீழே இறக்காமலே செய்துவிடலாம். சைலன்சரையும் பின்பக்கத் தகடுகளையும் கழற்றினால் செயின் மூடி தெரியும். கை நுழைக்கத்தான் படாத பாடு. முழு விவரம் மெக்கானிக்குக்கான புத்தகத்தில் இருக்கும். நான் சொல்வது, முதல்முறை செய்பவர் தவறவிடும் இடங்களை மட்டும்.

கிராங்க் புல்லியில் இசட்1 என்று ஒரு குறி உண்டு. முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் நிற்பதற்கான அடையாளம். கிராங்கை அதன் ஓட்டத் திசையிலேயே சுற்றி அந்தக் குறிக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். பின்னால் சுற்றாதீர்கள். பின்னால் சுற்றினால் தொய்வு இடம் மாறும். அப்புறம், இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் திறந்து போடாதீர்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்தது. டென்ஷனரைக் கழற்றுவதற்கு முன் ஐட்லர் ஆர்மைப் பூட்டு இடுக்கியால் பிடித்துச் செயின் தளராமல் நிறுத்துங்கள். செயின் தளராத வரை கேமும் அசையாது, டைமிங்கைத் தொட வேண்டிய வேலையே வராது. தளர விட்டால் அரைநாள் வேலை இரண்டு நாளாகும்.

புதிய காரேரா டென்ஷனர் பிஸ்டன் அமுங்கிய நிலையில், ஒரு பின் குத்திப் பூட்டி வரும். மாட்டி முடித்த பிறகுதான் பின்னை உருவ வேண்டும். கையில் வைத்துக்கொண்டு ஆர்வத்தில் உருவிவிட்டால் திரும்ப அமுக்கி மாட்ட வைஸும் நிறையப் பொறுமையும் வேண்டும். மாட்டிய பிறகு பின்னை உருவும்போது டக்கென்று சத்தம் வராது. ஆர்ம் மெல்ல நகர்ந்து செயினைப் போய்ச் சேரும். அந்த நகர்வை ஒவ்வொரு முறையும் நின்று பார்ப்பேன்.

மூடி போடுவதற்கு முன் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகளைச் சரிபாருங்கள். எங்காவது கட்டியாகத் தட்டி நின்றால் அழுத்தாதீர்கள். அது வால்வாக இருக்கலாம். எல்லாம் சரியென்றால், தீப்பொறியும் பெட்ரோலும் வராமல் செய்துவிட்டு, ஆயில் அழுத்தம் காட்டும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். குழாயிலும் டென்ஷனரிலும் ஆயில் நிறைந்த பிறகு இன்ஜினை எழுப்பினால் போதும்.

நம் வண்டிக்கு வருவோம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் 911-க்கு டென்ஷனர் மாற்ற யாரும் என்னைத் தேடி வரப்போவதில்லை. ஆனால் டிஎன் 74, டிஎன் 75 போர்டு போட்டு ஓடும் ஆயிரக்கணக்கான 100 சிசி வண்டிகளில் இதே தத்துவம்தான் ஓடுகிறது. ஸ்பிளெண்டர் வகை இன்ஜினில் கீழே ஒரு போல்ட்டைத் திறந்தால் ஸ்பிரிங்கும் புஷ் ராடும் வரும். அது தள்ளும் கையின் நுனியில் உருளை, உருளைக்கு மேல் கேம் செயின். திரும்ப மாட்டும்போது உள்ளே கொஞ்சம் ஆயில் ஊற்ற வேண்டும். அவசரத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். "புது டென்ஷனர் போட்டும் சத்தம் போகல" என்று மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் வந்தார். கழற்றிப் பார்த்தால் உள்ளே வறண்டு கிடந்தது. ஊற்ற மறந்த ஒரு மூடி ஆயில், அவ்வளவுதான் பழுது. சில பெரிய பைக்குகளில் ஆயிலுக்குப் பதில் உள்ளே ஒரு திருகு ஸ்பிரிங் இருக்கும். அது முன்னே போகும், பின்னே வராது. வழி வேறு, நோக்கம் ஒன்றுதான்.

சத்தத்தைக் கேட்பதற்கும் ஒரு நேரம் உண்டு. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் எழுப்பும் முதல் பத்து நொடிதான் அது. சூடான பிறகு பட்டறைக்குக் கொண்டுவந்து "சத்தம் கேக்குதா பாருங்க" என்றால் பாதி நேரம் கேட்காது. அதனால்தான் சந்தேகமுள்ள வண்டியை ஓர் இரவு பட்டறையிலேயே விட்டுவிட்டுப் போகச் சொல்வேன்.

மருமகன் அந்த ஸ்பிளெண்டரின் டென்ஷனரை அவனே மாட்டினான். மாட்டுவதற்கு முன் புஷ் ராடைக் கையில் வைத்துப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தான். ஆயில் ஊற்றிவிட்டு மறுபடி அமுக்கினான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவன் முகத்தில் தெரிந்தது. பிறகு, "இதுக்கும் அந்தக் காருக்க மாதிரி ஆயில் லைன் போட்டா என்ன மாமா?" என்றான். தேவையில்லை என்றேன். ஒரு சிலிண்டர், இரண்டே வால்வு, சின்னச் செயின். இதற்கு நேரத்துக்கு ஆயில் மாற்றினாலே போதும். வண்டியை அன்றிரவு வெளியே எடுக்கவில்லை. மறுநாள் காலை ஆறரைக்கு, பட்டறையைத் திறந்ததும், அவனே போய்க் கிக்கரை மிதித்துவிட்டுக் குனிந்து காதைக் கொடுத்தான்.